525 மடங்கு டெலஸ்கோப் வாங்கலாமா? (கடிதமும் பதிலும்)

வணக்கம் சார். நாங்க பொள்ளாச்சி பக்கம். பொண்ணு ஏழாவது படிக்கிறா, டெலஸ்கோப் வேணும்னு ஒரு வருஷமா கேட்டுட்டு இருக்கா. ஆன்லைன்ல 76 எம்எம், 700 எம்எம்னு ஒண்ணு பார்த்தேன், 525 மடங்கு பெருசா காட்டும்னு போட்டிருக்கு. அதை வாங்கிடவா, இல்ல காசு சேர்த்து வேற வாங்கவா? மொட்டை மாடியிலதான் வச்சுப் பார்ப்போம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

அந்த 525 எப்படி வந்துச்சுன்னு முதல்ல சொல்லிடறேன். அதோட குவியத் தூரம், அதாவது உள்ள இருக்கிற கண்ணாடி வெளிச்சத்தைக் குவிக்கிற தூரம், 700 எம்எம், கூட 4 எம்எம் ஐபீஸ் (கண்ணு வச்சுப் பார்க்கிற சின்ன லென்ஸ்) ஒண்ணு குடுப்பாங்க, 700-ஐ 4-ஆல வகுத்தா 175, அப்புறம் அதை இன்னும் மூணு மடங்கு பெருக்குற பார்லோ லென்ஸ் ஒண்ணு, ஆக 525. கணக்கு சரிதான். ஆனா 76 எம்எம் அகலக் கண்ணாடி சேர்க்கிற வெளிச்சத்துக்கு 150 மடங்குதான் உச்சம், எம்எம்முக்கு ரெண்டு மடங்குன்னு வச்சுக்கங்க, அதைத் தாண்டினா உருவம் பெருசாகும் ஆனா மங்கிக் கலங்கிடும். கலீலியோ 1610 ஜனவரியில வியாழனோட நிலாக்களைப் பார்த்தது கிட்டத்தட்ட 20 மடங்குலதான்.

அதனால அந்த நம்பரை விட்டுடுங்க. கண்ணாடி எவ்ளோ அகலம், ஸ்டாண்டு ஆடுமா ஆடாதா, இந்த ரெண்டுதான் பார்க்கணும். நான் முதல்ல வாங்கினது மெல்லிசு அலுமினியக் கால் வச்சது, ஃபோகஸ் திருப்ப விரல் வச்சாலே நிலா துள்ளும், ஆட்டம் நிக்கறதுக்குள்ள பூமி சுத்தறதுல அது பார்வையை விட்டே நகர்ந்து போயிடும், ரெண்டு மாசம் போராடிட்டு பரண்ல ஏத்திட்டேன், அப்புறம் பல வருஷம் அண்ணாந்தே பார்க்கல. உங்க பொண்ணுக்கு அப்படி ஆகக்கூடாதுன்னுதான் இவ்ளோ நீட்டறேன்.

பூமி சுத்தறதுக்கு ஏத்த மாதிரி சாய்ஞ்சு திரும்புற ஈக்வட்டோரியல் ஸ்டாண்டும் இப்போ வேண்டாம். அதை துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிறுத்தணும், பொள்ளாச்சியில அது 11 டிகிரி உயரத்துலதான் இருக்கும், கையை நீட்டி முஷ்டி பிடிச்சா ஒரு முஷ்டி உயரம், ஒரு தென்னை மரம் போதும் மறைக்க.

நான் சொல்றது டாப்சோனியன். ஜான் டாப்சன்னு ஒருத்தர், சான் பிரான்சிஸ்கோ வேதாந்த மடத்துல துறவியா இருந்தவர், கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்ச்சு, அட்டைக் குழாய், ஒட்டுப் பலகை வச்சு டெலஸ்கோப் பண்ணினார், 1967ல மடத்தை விட்டு வந்தப்புறம் தெரு ஓரத்துல நிறுத்தி போறவங்க வர்றவங்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். பலகைப் பெட்டி மேல பீரங்கி மாதிரி குழாய், மேல கீழ இடம் வலம்னு தள்ளினாப் போதும், ஸ்க்ரூவே கிடையாது, விட்ட இடத்துல நிக்கும். அதுல 130 எம்எம், 650 எம்எம் மேஜை மாடல் கிடைக்குது, ஸ்டூல் மேல வச்சுக்கலாம், 25 எம்எம் ஐபீஸ் போட்டா 26 மடங்கு, 10 எம்எம் போட்டா 65. சனியோட வளையம் தெரிய அதுவே போதும், ஆனா 2025 மார்ச்ல வளையம் நமக்கு விளிம்பைக் காட்டித் திரும்பினதால இப்போதைக்கு மெலிசாத்தான் இருக்கும், வருஷம் போகப் போக விரியும். தேடும்போது குழாய் குட்டையா இருந்து குவியத் தூரம் மட்டும் 1000னு போட்டிருந்தா வாங்காதீங்க, உள்ள ஒரு லென்ஸ் ஒளிஞ்சிருக்கும், கண்ணாடியை நேர் பண்ணவே முடியாம பாடாப் படுத்தும்.

காசு சேர்ற வரைக்கும் ஒரு 10×50 (பத்து மடங்கு, 50 எம்எம் அகல லென்ஸ்) பைனாகுலர் வாங்கிக் குடுத்துடுங்க. இது சமாதானத்துக்குச் சொல்றது இல்ல, கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை வெறும் கண்ணால பார்த்தா ஆறு, பைனாகுலர்ல பார்த்தா எண்ணி முடியாது. தை, மாசியில ராத்திரி எட்டு மணிக்கு திருவாதிரை பக்கத்துல மூணு நட்சத்திரம் வரிசையா நிக்கும் பாருங்க, அதுக்குக் கீழ புகை மாதிரி ஒரு திட்டு, அங்க இப்பவும் நட்சத்திரம் பிறந்துட்டு இருக்கு, 1300 ஒளியாண்டுக்கும் மேல தூரம். அவ அதைத் தானாக் கண்டுபிடிச்சுட்டா டெலஸ்கோப் வந்தப்புறம் எங்க திருப்பணும்னு யாரையும் கேக்க மாட்டா.

மொட்டை மாடி பத்தி ஒண்ணு. பகல் பூரா வாங்கின சூட்டை காங்கிரீட் ராத்திரி விடும், அந்த அனல்ல கிரகம் தண்ணிக்குள்ள இருக்கற மாதிரி நெளியும், அதனால சாயங்காலமே தளத்துல தண்ணி ஊத்திடுங்க, டெலஸ்கோப்பை அரை மணி நேரம் முன்னாடியே வெளிய வச்சுடுங்க, கிரகம் பார்க்கறது பத்து மணிக்கு மேலன்னா இன்னும் நல்லது.

முக்கியமானது ஒண்ணு இருக்கு. சில பெட்டிக்குள்ள ஐபீஸ்ல மாட்டுற சின்னக் கறுப்புக் கண்ணாடி சூரியன் பார்க்கன்னு போட்டுத் தருவாங்க, சூட்டுல அது பார்த்துட்டு இருக்கும்போதே விரிசல் விடும், கண்ணு போயிடும். அதைப் பொண்ணு கையில படறதுக்கு முன்னாடி நீங்களே உடைச்சுப் போட்டுடுங்க, பகல்ல குழாய்க்கு மூடி போட்டே வைங்க.