4.4 பின்ல போட்டா ஏன் அள்ளுது?

கேள்வி: அண்ணா, நான் திருவொற்றியூர். டெய்லி பீச் வண்டில பாட்டு கேட்டுக்கினே வேலைக்குப் போறவன். ஃபோன்ல சொருகி இயர்போன் மாட்டற என் குட்டி டாங்கிள்ல 3.5 மிமீ சாதா ஓட்டை, 4.4 மிமீ பேலன்ஸ்டு ஓட்டை ரெண்டும் இருக்கு. ஃப்ரெண்டோட 4.4 கேபிள என் இயர்போன்ல மாட்டிப் பாத்தேன், சும்மா அள்ளுது. ரெண்டாயிரம் ரூபா, வாங்கலாமா?

பதில்: இரு தம்பி, பர்ஸ உள்ள வை. ரெண்டுலயும் ஒரே வால்யூம் நம்பர் வச்சுதான கேட்ட? அங்கதான் மாட்டிக்கின. 3.5ல லெஃப்ட், ரைட், ரெண்டுக்கும் பொதுவா ஒரு கிரவுண்டு, அவ்ளோதான். 4.4ல ஒவ்வொரு காதுக்கும் பிளஸ் தனி மைனஸ் தனி, ரெண்டு பக்கமும் ஆம்ப் (சிக்னல பெருக்கற சர்க்யூட்) இருக்கு, ஒண்ணு தள்ள இன்னொண்ணு இழுக்க வோல்டேஜ் டபுளாயிடும். 3.5ல 2 வோல்ட், 4.4ல 4 வோல்ட்னு நிறைய டாங்கிள்ல அட்டையிலயே போட்டிருப்பான். அது 6 டெசிபல் ஜாஸ்தி, சத்தம் கூடினாலே நம்ம காது "சூப்பரா கீதுப்பா"ன்னு சொல்லிடும்.

சமமா வச்சுக் கேளு. 100 ஹெர்ட்ஸ் டோன் ஒண்ண ஓடவிட்டு, இயர்போன கழட்டிட்டு, கேபிள் முனைல நீட்டிக்கினு இருக்கற அந்த ரெண்டு குட்டி பின்லயும் மல்டிமீட்டர ஏசி வோல்ட்ல வச்சுப் பாரு, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு இடிச்சிடாம. 3.5ல என்ன வருதோ அதே அளவுக்கு 4.4 வால்யூம கொற. அப்புறம் ஃப்ரெண்ட மாத்தி மாத்தி போடச் சொல்லி கண்ண மூடிக்கினு கேளு, எதுன்னு கண்டுபுடிச்சிட்டன்னா கேபிள் வாங்கு, நான் குறுக்க வரல.

மேடை மைக்குக்கு பேலன்ஸ்டு கேபிள் போடறாங்களே இரைச்சல் வராம இருக்க, அந்தக் கதைய இதுக்கும் சொல்லி விப்பாங்க, நம்பாத. மைக் சிக்னல் ரொம்ப சின்னது, கேபிள் நீளம், அந்தப் பக்கம் இரைச்சல கழிச்சு எடுக்க ஒரு சர்க்யூட் இருக்கு, ஹெட்ஃபோன்ல அதெல்லாம் எங்க கீது? பொது கிரவுண்டு இல்லாததால லெஃப்ட் சவுண்டு ரைட்ல கசியறது கொறையும், அது நெசம்தான், ஆனா ரயில் சத்தத்துல அதெல்லாம் ஒண்ணும் தெரியாது. ரொம்ப சென்சிடிவான இயர்போன்னா 4.4ல லேசா "உஸ்ஸு"ன்னு வேற கேக்கும்.

சென்ஹைசர் ஹெச்டி 600 மாதிரி 300 ஓம் ஹெட்ஃபோன் வச்சிருந்தா பேச்சே வேற, ஓம்னா மின்தடை, அது ஜாஸ்தின்னா வோல்டேஜும் ஜாஸ்தி வேணும். 2 வோல்ட்ல அதுக்கு 13 மில்லிவாட்தான் போவும், 4 வோல்ட்ல 53. அதுக்கு 4.4 போடு, தப்பில்ல. உனக்கு காதுல நல்லா அடைச்சு நிக்கற ரப்பர் டிப்ஸ் போதும்.

கேள்வி: சார், ராயபுரத்துலேந்து எழுதறேன். என் 3.5 ஹெட்ஃபோன பர்மா பஜார்ல கிடைக்கற கன்வர்ட்டர் வச்சு 4.4ல சொருகலாமா?

பதில்: வேணாம் சார். உங்க 3.5 பின்ல ரெண்டு காதோட மைனஸும் ஒண்ணா சேந்திருக்கு, அத 4.4ல சொருகினா ரெண்டு ஆம்போட மைனஸும் ஷார்ட் ஆகும், சில டாங்கிள் தன்னால ஆஃப் ஆயிடும், சிலது புட்டுக்கும். தலைகீழா, 4.4 கேபிள கன்வர்ட்டர் போட்டு 3.5ல சொருகறதுக்கு தாராளமா வாங்கிக்கோங்க.