கன் வாங்குமுன் டின்னைப் படியுங்கள்: ஸ்ப்ரே மெஷின் கேள்வி பதில்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் சாய வேலை, அதாவது பெயிண்ட் வேலை, செய்கிறவன் நான். செம்பனை ஆலை, லோரிப் பட்டறை, பள்ளிக்கூடச் சுவர், அலமாரி என்று எல்லாவற்றிலும் அடித்திருக்கிறேன். எந்த ஸ்ப்ரே மெஷின் வாங்கலாம் என்று கேட்டிருந்தவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். காடிக்கு (காருக்கு) கலர் பொருத்துவது என் வேலை இல்லை, அதற்கு வேறு ஆள் பாருங்கள்.

லோரிப் பட்டறை வைத்திருக்கும் தம்பி: புது எச்விஎல்பி கன் வாங்கினேன். முதல் கதவு நன்றாக வருகிறது, இரண்டாவது கதவு ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகிறது. கம்ப்ரஸர் 2 எச்பி. கன் கோளாறா?

கன்னில் கோளாறு இல்லை தம்பி, காற்றுதான் பற்றவில்லை. எச்விஎல்பி என்றால் அழுத்தம் குறைவு, காற்று நிறைய. முனையில் அழுத்தம் 10 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டுக்கு) மேல் போகாது. அதனால்தான் சாயம் தெறித்து வீணாகாமல் பாதிக்கு மேல் பொருளில் போய் ஒட்டுகிறது. ஆனால் அந்த வகைக் கன்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 10 முதல் 14 கன அடி காற்று கேட்கும். 2 எச்பி கம்ப்ரஸர் உண்மையில் தருவது 6, 7தான். டேங்க் நிறைந்திருக்கும்வரை முதல் கதவு அழகாக வரும். அப்புறம் அழுத்தம் இறங்கும், துளி பெரிதாகும், மேற்பரப்பு கரடுமுரடாகிவிடும்.

கம்ப்ரஸரை மாற்றக் காசு இல்லையென்றால் எல்விஎல்பி கன் பாருங்கள், அதில் அழுத்தமும் குறைவு, காற்றும் குறைவு, காற்று பாதிதான் வேண்டும். ஹோஸையும் கவனியுங்கள். உள்விட்டம் 6 மில்லிமீட்டர் ஹோஸில் காற்று திணறும், 10 மில்லிமீட்டர் போடுங்கள். அழுத்தம் காட்டும் கேஜைக் கன்னின் கைப்பிடியில் மாட்டி, ட்ரிக்கரை இழுத்துப் பிடித்தபடி அளவைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது காட்டும் எண்ணை நம்ப வேண்டாம்.

இன்னொன்று, இதை நான் எல்லாருக்கும் சொல்வேன்: டேங்கில் தண்ணீர். நம் ஊரில் மத்தியான மழைக்கு அப்புறம் டேங்கின் அடித்திருகைத் திறந்து பாருங்கள், பழுப்பு நிறத்தில் ஒரு கிளாஸ் தண்ணீர் இறங்கும். அது ஹோஸ் வழியாகப் போய்ச் சாயத்தில் மீன்கண் மாதிரி குழி போட்டுவிடும். தினமும் வடித்துவிடுங்கள். நீர்ப்பிரிப்பானைக் கம்ப்ரஸர் வாயிலேயே மாட்டாதீர்கள், அங்கே காற்று சூடாக இருக்கும். சில அடி தள்ளி, காற்று ஆறிய இடத்தில் மாட்டினால்தான் தண்ணீர் பிரியும்.

தாப்பாவிலிருந்து ஓர் அலமாரிக்காரர்: என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர் அடித்தால் மரம் வெள்ளையாகப் பூத்துப் போகிறது. விலை கூடிய கன் வாங்கினால் சரியாகுமா?

ஆகாது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிகிறது. மழை நேரத்தில் அடிக்காதீர்கள். அவசரம் என்றால் மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னர் கொஞ்சம் சேருங்கள். கன்னுக்கு 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர் முனை போதும்.

ஒருவர்: எந்த பிராண்ட் நல்லது?

என்ன சாயம், எந்தப் பொருள் என்று சொல்லுங்கள், பிறகு பேசலாம்.

குத்தகைக்காரர் ஒருவர்: தமிழ்ப்பள்ளி மண்டபத்துக்கு எமல்ஷன் அடிக்க வேண்டும். ஏர்லெஸ் வாங்கலாமா? 517 டிப் என்கிறார்களே, அது என்ன?

வாங்கலாம். ஏர்லெஸ்ஸில் காற்று கிடையாது. பம்ப் சாயத்தையே 2,000, 3,000 பிஎஸ்ஐ அழுத்தத்தில் டிப் என்கிற முனையின் சிறு துளை வழியாகத் தள்ளுகிறது. 517இல் முதல் எண்ணை இரண்டால் பெருக்குங்கள்: 12 அங்குலத் தூரத்தில் 10 அங்குல விசிறி. பின்னால் வரும் 17, துளையின் அளவு, 0.017 அங்குலம். சுவர் எமல்ஷனுக்கு அது பொருந்தும். கதவு இனாமலுக்கு 311, 313 மாதிரி. மெஷின் வாங்கும்போது விளம்பரத்தில் இருக்கும் பிஎஸ்ஐயைப் பார்த்து மயங்காதீர்கள். எத்தனை அளவு டிப் வரை தாங்கும் என்று கேளுங்கள். 0.017 டிப் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1.2 லிட்டர் இழுக்கும், 0.021 என்றால் 1.8 லிட்டர். பம்ப் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும்.

அழுத்தத்தைக் குறைவாக வைத்துத் தொடங்குங்கள். விசிறியின் இரு ஓரத்திலும் வால் மாதிரி கோடு விழும். அது மறையும்வரை மட்டும் கூட்டுங்கள், அதற்கு மேல் கூட்டினால் புகைதான். டிப் தேயும். 10 அங்குல விசிறி 7½ ஆகிவிட்டால் தூக்கிப் போடுங்கள், இல்லையென்றால் டிப்பில் மிச்சம் பிடித்த காசு சாயத்தில் போய்விடும்.

கோலகங்சாரிலிருந்து ஓர் அண்ணன்: 40 வருஷமாக ரோலர் பிடிக்கிறேன். ஸ்ப்ரே அடித்த சுவர் ரெண்டு வருஷத்தில் உரியும். பிள்ளைகள் படிக்கிற இடத்தில் ஏன் இந்த விளையாட்டு?

உரிவது மெஷினால் இல்லை அண்ணே, கழுவாத சுவரால். பழைய சாயம் மாவாக உதிர்கிற சுவரில் எதை அடித்தாலும் அந்த மாவின் மேல்தான் உட்காரும். கழுவி, சீலர் அடித்து, முதல் கோட்டை மெஷினில் போட்டு, ஈரம் காயுமுன் ஒருவர் பின்னாலேயே ரோலர் ஓட்டினால் சாயம் துளைக்குள் இறங்கும்.

அதே அண்ணன்: பார்த்தாயா, கடைசியில் ரோலர்தானே வந்தது!

வந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரோலரைச் சாயத்தில் முக்கி முக்கி எடுக்கும் நேரம் மிச்சம்.

அதே அண்ணன்: அந்த நேரம் ஜன்னலுக்குப் பேப்பர் ஒட்டுவதிலேயே போய்விடும்.

இது நியாயமான பேச்சு. லூவர் ஜன்னல், காற்றாடி, கரும்பலகை எல்லாம் உள்ள வகுப்பறை என்றால் நானும் ரோலரைத்தான் எடுப்பேன். வெறும் மண்டபம், உயரமான கூரை, கூரைத் தகடு: அங்கே மெஷின். ஒருமுறை மண்டபக் கூரைக்கு அடித்தபோது காற்றுத் திசையைப் பார்க்கவில்லை. காப்பிக் கடை வாசலில் நின்ற மூன்று காடிகள் மேல் பொடிப்பொடியாக இறங்கிவிட்டது. இரண்டு நாள் களிமண் கட்டி வைத்துத் தேய்த்துக் கொடுத்தேன், அதில் ஒரு வெள்ளி லாபம் இல்லை.

கோயில் கமிட்டியிலிருந்து ஒருவர்: அப்போ கோபுரத்துக்கு? கும்பாபிஷேகத்துக்கு நாள் குறைவு. மெஷினில் அடித்து முடிக்கலாம் என்கிறார் குத்தகைக்காரர்.

வேண்டாம். இதில் நான் ரோலர் அண்ணன் பக்கம். அடிப்பூச்சை மட்டும் காற்றில்லாத காலை நேரத்தில் அடிக்கலாம். நிறம் எல்லாம் பிரஷ்ஷில்தான். சிலையின் கண்ணிமை, விரல் இடுக்கு, நகை ஓரம் எல்லாவற்றையும் விசிறி மழுக்கிவிடும். சிற்பியைக் கேட்டுப் பாருங்கள், அவர் இன்னும் கடுமையாகச் சொல்வார்.

அண்ணன் மறுபடியும்: அடிப்பூச்சும் பிரஷ்தான்!

சரி அண்ணே, நீங்கள்தான் ஜெயித்தீர்கள். அடுத்த கேள்விக்குப் போகிறேன்.

இன்னொருவர்: எந்த பிராண்ட்?

மேலே பாருங்கள்.

ஆலை ஃபோர்மேன்: எண்ணெய் டேங்கின் வெளிப்புறத்துக்கு எப்பாக்ஸி. எந்த மெஷின், எவ்வளவு கனம்?

கனம் எவ்வளவு என்பது டின்னோடு வரும் தாளில் இருக்கிறது. காய்ந்தபின் 75 மைக்ரான் வேண்டும், சாயத்தில் திடப்பொருள் கன அளவில் 60 சதவீதம் என்றால், ஈரமாக 125 மைக்ரான் அடிக்க வேண்டும். 75ஐ 0.60ஆல் வகுத்தால் வரும். தின்னர் ஊற்றினால் இந்தக் கணக்கு மாறும். சீப்பு மாதிரி ஒரு கேஜ் கிடைக்கும், ஈரத்தில் குத்திப் பார்த்துக்கொண்டே அடியுங்கள். மெஷின் பெரிய ஏர்லெஸ், டிப் 0.017 முதல் 0.021. வெல்டிங் கோட்டுக்கும் போல்ட்டுக்கும் முதலில் பிரஷ் ஓட்டுங்கள். ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் நிறுத்துங்கள். இரும்பு பனிநிலையைவிட (காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகப் படியும் வெப்பநிலையைவிட) குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் சூடாக இருக்க வேண்டும். விடியலில் தகடு இராத்திரிக் குளிரோடு இருக்கும், கை வைத்தால் தெரியும்.

இதைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்: டிப்புக்கு முன்னால் விரல் வைக்காதீர்கள். என்னோடு வேலை செய்த ஒருவர் அடைத்த டிப்பைக் கட்டைவிரலால் துடைத்தார். ஊசி குத்தியது மாதிரி சின்னப் புள்ளி, இரத்தம்கூட இல்லை. மருந்து தடவிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். இரவில் கை வீங்கி, கடைசியில் விரலையே எடுத்தார்கள். சாயம் தோலுக்குள் போனால் அது அறுவைச் சிகிச்சை அவசரம். உடனே மருத்துவமனைக்குப் போய், உயர் அழுத்தத்தில் உள்ளே போனது என்று சொல்லுங்கள், சாய டின்னின் தாளையும் காட்டுங்கள். டிப்பைத் தொடுமுன் மெஷினை அணைத்து, அழுத்தத்தை வெளியேற்றி, ட்ரிக்கர் பூட்டைப் போடுங்கள்.

ஒருவர்: வீட்டு கேட்டுக்கு 150 வெள்ளிக்குக் கரண்ட் கன் வாங்கலாமா?

கம்பி கேட்டில் பாதிச் சாயம் இடைவெளியில் பறந்துவிடும். பிரஷ் வாங்குங்கள்.

ஒருவர்: டூ-கே பியூ (ஹார்டனர் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் சாயம்) அடிக்கிறேன். சாதாரண முகமூடி போதுமா?

போதாது. ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போனால் அப்புறம் கொஞ்சம் சுவாசித்தாலே மூச்சுத் திணறும். வெளியிலிருந்து நல்ல காற்று வரும் முகமூடிதான் சரி. அது இல்லாமல் அந்த வேலையை எடுக்காதீர்கள்.

மூன்றாவது ஆள்: அண்ணே, பிராண்ட்…

உங்கள் ஊரில் எந்த மெஷினுக்குப் பேக்கிங்கும் (பம்ப்பில் கசிவைத் தடுக்கும் வளையம்) வால்வும் கடையில் தொங்குகிறதோ, அது.

கடைசியாக ஒருவர்: பழைய ஏர்லெஸ் ஒன்று விலைக்கு வருகிறது. எப்படிச் சோதிப்பது?

ஒரு வாளித் தண்ணீரில் குழாயைப் போட்டு ஓட்டச் சொல்லுங்கள். அழுத்தம் ஏறியதும் ட்ரிக்கரை விடுங்கள், பம்ப் நிற்க வேண்டும். யாரும் தொடாமலே விட்டு விட்டு ஓடினால் உள்ளே வால்வோ பேக்கிங்கோ தேய்ந்திருக்கிறது, அந்தச் செலவை விலையில் கழியுங்கள். ஹோஸில் வீக்கமோ வெட்டோ இருந்தால் பேரமே வேண்டாம், ஹோஸை மாற்றித் தரச் சொல்லுங்கள். பார்க்கும்போது விரலை எங்கே வைக்கக் கூடாது என்று மேலே எழுதியிருக்கிறேன்.