மனு போனது ஆணையருக்கு, அதிகாரம் இருப்பது கோட்டாட்சியரிடம்

கேள்வி: எனக்கு 71 வயது. கடைசிவரை பார்த்துக்கொள்வதாகச் சொன்ன மகனுக்கு வீட்டைத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தேன். இப்போது சாப்பாட்டுச் செலவுக்குக்கூடப் பணம் தருவதில்லை. சென்னையில் சமூக நல ஆணையருக்கு மனு அனுப்பினேன். 'மாவட்டத்துக்கு அனுப்பப்பட்டது' என்று பதில் வந்தது. துறைக்கே தலைவரான அவரால் உத்தரவு போட முடியாதா?

பதில்: முடியாது ஐயா. உங்களைத் தட்டிக்கழித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். துறைத் தலைவர் திட்டங்களை நடத்தலாம், தனக்குக் கீழே உள்ள அலுவலர்களிடம் வேலை வாங்கலாம், கடமை தவறினால் விளக்கம் கேட்கலாம். 'அப்பாவுக்கு மாதம் இவ்வளவு கொடு' என்று உங்கள் மகனுக்கு உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு இல்லை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் அதைத் தீர்ப்பாயத்துக்குத்தான் கொடுத்திருக்கிறது. தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர்தான் அந்தத் தீர்ப்பாயம்.

எனவே அவருக்குப் புது மனு எழுதுங்கள். தலைப்பிலேயே 'பிரிவு 5இன் கீழ் பராமரிப்பு மனு' என்று போடுங்கள். அது இல்லாவிட்டால் பத்தோடு பதினொன்றாகப் பொது மனுக் கட்டில் போய்ச் சேர்ந்துவிடும். மகனுக்கு நோட்டீஸ் சேர்ந்ததிலிருந்து 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். விசேஷ காரணம் இருந்தால் மேலும் 30 நாள். உத்தரவுக்குப் பிறகும் பணம் தராவிட்டால் ஒரு மாதம் வரை சிறைக்கு அனுப்பலாம்.

வக்கீல் வைக்க வசதியில்லையே என்று கவலைப்படாதீர்கள். பிரிவு 18இன்படி மாவட்ட சமூக நல அலுவலர் நிலையில் உள்ளவர்தான் பராமரிப்பு அலுவலர். நீங்கள் கேட்டால், தீர்ப்பாயத்தில் உங்கள் சார்பில் அவர் ஆஜராக வேண்டும். இது அவர் செய்யும் உதவி அல்ல, சட்டம் சுமத்திய கடமை. எழுத்துமூலம் கேளுங்கள். மறுத்தால் அப்போது ஆணையருக்கு எழுதுங்கள். அங்கேதான் அவருடைய அதிகாரம் உங்களுக்குக் கைகொடுக்கும். அதற்கும் அசையாவிட்டால், கடமையைச் செய்யச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம்.

சரி, வீடு? பத்திரத்தை எடுத்து ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். 'பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையோடு கொடுத்திருந்தால், பிரிவு 23இன்படி அதை ரத்து செய்யக் கேட்கலாம். இப்படியொரு நிபந்தனை இருந்ததைக் காட்டியாக வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பத்திரத்தின் நகலைக் கட்டாயம் மனுவோடு இணையுங்கள். தீர்ப்பு பாதகமாக வந்தால் 60 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.