ஏணியா, கதவா?

அன்புள்ள ஐயா,

லண்டனின் தென்மேற்கு ஓரத்தில் கிங்ஸ்டனில் இருக்கிறேன். போன வருடம் ஒரு கிராவல் பைக், அதாவது மண்பாதையிலும் ஓட்டக்கூடிய சைக்கிள், வாங்கினேன். வார நாட்களில் ரிச்மண்ட் பார்க்கைச் சுற்றிவரும் டாம்சின் டிரெயில் பாதையில் ஒரு சுற்று, சனிக்கிழமைகளில் சர்ரே குன்றுகளின் காடுகள். மனிதக் கை படாத இயற்கை! தன் வேட்டைப் பூங்காவான ரிச்மண்ட் பார்க்கை மக்களுக்குத் திறந்துவிட்ட அரசரின் பெருந்தன்மையை நினைத்துக்கொள்வேன். ஆனால் போன வாரம் ஒரு காட்டுப்பாதையில் பெரியவர் ஒருவர் மறித்து, “இது ஃபுட்பாத், இறங்கு” என்றார். என் நிறத்தைப் பார்த்துத்தான் சொன்னாரோ என்று மனம் சுருங்கிவிட்டது. நீங்களும் இந்தப் பக்கம் ஓட்டியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். மழைக்காலச் சேற்றுக்கு 40 மில்லிமீட்டர் டயர் போதுமா, 45-க்கு மாறலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

டயரைப் பிறகு பார்ப்போம்.

உங்கள் கடிதம் வந்த அன்று எங்கள் ஊர்த் தோட்டத்தின் பழைய கிரயப் பத்திரத்தை விரித்து வைத்திருந்தேன். ‘மாமூல் வழிநடை, வண்டிப்பாதை பாத்தியங்கள் உட்பட’ என்று பத்திர எழுத்தர் அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறார். கிணற்றுக்குப் போகிற அந்தப் பாதையில் பக்கத்துத் தோட்டக்காரர் இப்போது இரும்புக் கேட் போட்டுப் பூட்டியிருக்கிறார். கெட்டவர் இல்லை. “எப்ப வேணா போங்க, சாவி வீட்லதான் இருக்கு, கேட்டா குடுப்பாங்க” என்கிறார். ஆறு மாதமாக நானும் கேட்டு வாங்கிக்கொண்டுதான் போய்வருகிறேன். அந்த நேரம் பார்த்து நீங்கள் ‘அரசரின் பெருந்தன்மை’ என்று எழுதுகிறீர்கள்.

என்ன பெருந்தன்மை? முதலாம் சார்லஸ் மான் வேட்டைக்காக 1637-ல் அந்தப் பூங்காவைச் சுற்றி மதில் எழுப்பினார். உள்ளே சிக்கியதில் ஊர்ப் பொதுநிலங்கள் இருந்தன, தனியார் வயல்கள் இருந்தன. மக்கள் முணுமுணுக்கவே நடைவழிகளை மட்டும் விட்டுவைத்தார். நூற்றுச் சொச்சம் வருடம் கழித்து, 1751-ல், இரண்டாம் ஜார்ஜின் மகள் இளவரசி அமீலியா பூங்காவின் ரேஞ்சராக, அதாவது பொறுப்பாளராக, வந்தார். வேண்டியவர்களுக்குச் சீட்டு, மற்றவர்களுக்குக் கதவடைப்பு.

ரிச்மண்டில் ஜான் லூயிஸ் என்றொரு பீர் வடிப்பவர். ஒருநாள் வாசலில் போய் நின்றார். சீட்டு எங்கே என்றாள் காவல்காரி. சீட்டு எதற்கு, இது எல்லாரும் போகிற வழி என்றார் இவர். அவள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். லூயிஸ் வழக்குப் போட்டார். இளவரசியின் மேல் அல்ல, காவல்காரியின் மேல். 1758-ல் தீர்ப்பு, நடைவழி மக்களுடையதுதான் என்று. விசாரணை நடந்தது எங்கே தெரியுமா? கிங்ஸ்டனில். நீங்கள் வாடகை கொடுத்துக் குடியிருக்கிற ஊரில், ஐயா!

ஆனால் நான் சொல்ல வந்தது வெற்றியை அல்ல. ஜெயித்த பிறகு நீதிபதி மைக்கேல் ஃபாஸ்டர் கேட்டார்: மதிலில் உனக்குக் கதவு வேண்டுமா, ஏற ஏணிப்படி வேண்டுமா? நானாக இருந்தால் கதவு என்றிருப்பேன். நீங்களும் அப்படித்தான். லூயிஸ் ஏணி கேட்டார். மான்கள் வெளியே போய்விடும் என்று கதவை எப்போதும் சாத்தியே வைக்க வேண்டியிருக்கும். சாத்திய கதவைப் பார்க்கிற வெளியூர்க்காரன் இது நமக்கில்லை என்று திரும்பிவிடுவான். பிறகு ஒரு தாழ்ப்பாள் வரும். தாழ்ப்பாளுக்கு ஒரு பூட்டு வரும். கொஞ்ச நாளில், கேட்டால் திறந்துவிடுவார்கள் என்று ஆகும். இன்னும் கொஞ்ச நாளில், திறந்துவிடுகிறவர் பெருந்தன்மையானவர் என்று ஒருவர் எனக்குக் கடிதம் எழுதுவார்! ஏணிக்குத் தாழ்ப்பாள் கிடையாது. பார்த்த மாத்திரத்தில் ஏறலாம் என்று தெரியும். இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று தோன்றுகிறதா? தோன்றட்டும். சாவி கேட்டு நிற்கிற என்னைப் பார்த்திருந்தால் லூயிஸ் காறித் துப்பியிருப்பார்.

கதை அதோடு முடியவில்லை. ஏணி வைத்தார்கள், படிகளுக்கிடையில் வேண்டுமென்றே அகல இடைவெளி விட்டு. குழந்தைகளும் கிழவர்களும் ஏற முடியவில்லை. லூயிஸ் மறுபடியும் நீதிபதியிடம் போனார். நானும் கவனித்தேன் என்றார் ஃபாஸ்டர். குழந்தைகளும் கிழவர்களும் மட்டுமல்ல, கிழவிகளும் ஏறும்படி செய்யச் சொன்னார். அந்தக் கடைசிச் சொல்லுக்காகவே அந்த மனிதரை எனக்குப் பிடிக்கும்.

அந்தப் பெரியவர் விஷயம். நிறத்தைப் பார்த்துச் சொல்கிறவர்கள் உண்டு, இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். சுருங்கிய மனதை யாரும் வாதாடி விரிக்கவும் முடியாது. ஆனால் பாதையின் வழிகாட்டிக் கம்பத்தில் இருந்த அம்புக்குறி என்ன நிறம் என்று நீங்கள் எழுதவில்லையே? மஞ்சள் என்றால் ஃபுட்பாத். நம்மூர் பிளாட்பாரம் அல்ல, வயலிலும் காட்டிலும் நடப்பவர்களுக்கு மட்டுமான வழிநடைப் பாத்தியம். அதில் சைக்கிள் ஓட்டுவது அத்துமீறல். நீலம் என்றால் பிரைடில்வே, குதிரைப்பாதை. அதிலும் 1968 வரை சைக்கிளுக்கு உரிமை கிடையாது. அந்த வருடத்துக் கிராமப்புறச் சட்டத்தின் 30-ஆம் பிரிவுதான் நம்மை உள்ளே விட்டது, நடப்பவருக்கும் குதிரைக்காரருக்கும் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. இங்கிலாந்தின் பொதுப்பாதைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கில்தான் உங்கள் சக்கரம் உருள முடியும். அடுத்தவர் வழக்காடி வாங்கிய மீதி நான்கு பங்கிலும் புகுந்துவிட்டு மனம் சுருங்கினால் எப்படி?

நான் யோக்கியன் இல்லை. 2017 மே மாதம், நண்பரின் சைக்கிளை இரவல் வாங்கி சர்ரேயில் டார்க்கிங் ஊருக்கு மேலே ரான்மோர் காமன் காட்டில் ஓட்டினேன். புளூபெல் பூக்கள் வாடத் தொடங்கியிருந்தன. பீச் மரத் தளிர்களின் வழியாக விழுந்த வெயிலில் என் கைகூடப் பச்சையாகத் தெரிந்தது. அந்த மயக்கத்தில் ஒரு வளைவில் வேகமாக இறங்கினேன். எதிரே குதிரை. பிரேக்கைப் பிடித்தேன். களிமண் அப்பிய டயர் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போனது. குதிரை பக்கவாட்டில் துள்ளி நின்றது. மேலே எழுபது வயதிருக்கும் ஓர் அம்மாள். விழவில்லை, நல்லகாலம். அவர் என்னைத் திட்டுவதற்கு முன் குதிரையின் கழுத்தைத் தட்டி ஏதோ முணுமுணுத்தார். பிறகு என்னிடம், “பேசு” என்றார். எனக்குப் புரியவில்லை. “தூரத்திலேயே ஏதாவது பேசிக்கொண்டு வா. வருவது மனிதன் என்று அப்போதுதான் இவளுக்குத் தெரியும்.” என்ன பேசுவது என்று அசடு வழியக் கேட்டேன். “இவளுக்கு இலக்கணம் தெரியாது” என்றார்.

அன்று சாயங்காலம் வரை ஒவ்வொரு வளைவிலும் “வர்றேம்மா, வர்றேம்மா” என்று கூவிக்கொண்டே ஓட்டினேன். நாயோடு நடந்துபோன ஒருவர் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னார்.

‘மனிதக் கை படாத இயற்கை’ பற்றித் தனியாகத் திட்ட வேண்டும், இடமில்லை. ஒன்றே ஒன்று: நீங்கள் சுற்றிவருகிற பூங்காவின் பழைய ஓக் மரங்கள் ஏன் குட்டையாகத் தடித்து, ஆள் உயரத்துக்கு மேலே விரல் விரித்தாற்போல் கிளைவிட்டிருக்கின்றன என்று நின்று பார்த்ததுண்டா? விறகுக்காகத் தலைவெட்டிய மரங்கள். தளிரை மான் எட்டித் தின்னாத உயரத்தில் அளந்து வெட்டியிருக்கிறார்கள்.

டயர். 45 போடுமுன், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் இடம் இருக்கிறதா பாருங்கள். இடம் குறைந்தால் சேறு அடைத்துச் சக்கரமே நின்றுவிடும். நான் 40-ல்தான் வழுக்கினேன், தப்பு டயருடையது அல்ல. ஹேண்டிலில் ஒரு மணி மாட்டுங்கள்.

கிங்ஸ்டன் பக்கம் பூங்காவுக்கு ‘லேடர்ஸ்டைல் கேட்’ என்றொரு வாசல் உண்டு. ஏணிப்படி வாசல் என்று பெயர், இருப்பது கதவு. இந்தச் சனிக்கிழமை அந்த வழியாகப் போங்கள். அதில் பூட்டு இருக்கிறதா, இருந்தால் எந்தப் பக்கம் என்று பார்த்து எழுதுங்கள்.