செங்கல் அடுக்கில் ஒரு பாம்புச் சட்டை

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்த செங்கல் மேல் ஐந்தடி நீளத்துக்குப் பாம்புச் சட்டை கிடந்தது. நல்ல பாம்பாக இருக்குமோ? இன்னும் அங்கேதான் இருக்கிறதா? பக்கத்து வீட்டு அக்கா பூண்டு கரைத்துத் தெளிக்கச் சொல்கிறார். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது.
– செங்கல்பட்டு வாசகி

பதில்: முதலில் நீளம். உரியும்போது செதில்களுக்கு நடுவே மடிந்திருக்கும் தோலும் சேர்ந்து இழுபடுவதால், சட்டை எப்போதும் பாம்பைவிட நீளம். உங்கள் வீட்டுக்கு வந்தது நாலடி சொச்சம் இருக்கலாம்.

அந்த அளவில் வீட்டோரம் வருவது பெரும்பாலும் சாரை அல்லது நல்ல பாம்பு. நீங்கள் அனுப்பிய படத்தில் தலைப்பகுதி இல்லை, ஆனாலும் கண்டுபிடிக்கலாம். சட்டையைத் தண்ணீரில் நனைத்தால் மெத்தென்று ஆகிவிடும். வயிற்றுப் பக்கம் கத்தரித்து, செய்தித்தாளில் விரியுங்கள். அகலமான பட்டைகள் வயிற்றுச் செதில்கள், அவற்றை விடுங்கள். உடம்பின் சரிபாதியில், ஒரு பக்க ஓரத்திலிருந்து மறுபக்க ஓரம் வரை முதுகுச் செதில்களைச் சாய்வாக எண்ணுங்கள். 17 வந்தால் சாரை. 23 அல்லது அதையொட்டி வந்தால் நல்ல பாம்பு. கழுத்துப் பக்கம் எண்ணாதீர்கள், படம் விரியும் இடத்தில் கணக்கு கூடும். நடுமுதுகில் ஒரு வரிசை மட்டும் பெரிதாக, அறுகோணமாக இருந்தால் கட்டுவிரியன். ஒவ்வொரு செதிலிலும் நடுவே மேடான கோடு ஓடி, வரிசை 27-க்கு மேல் போனால் கண்ணாடி விரியன். எண்ணி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

இன்னும் இருக்கிறதா என்றால், சட்டையால் அதைச் சொல்ல முடியாது. ஆனால் போன திசையைச் சொல்லும். உரிப்பதற்குச் சில நாள் முன்பு பாம்பின் கண் பால் படிந்ததுபோல் மங்கும். பார்வை குறைவதால் எங்காவது ஒடுங்கிக் கிடக்கும். கண் தெளிந்ததும் மூக்கைச் சொரசொரப்பான இடத்தில் உரசி, உதட்டோரம் தோலைக் கிளப்பும். செங்கல் அதற்கு ரொம்ப வசதி. அப்புறம் முன்னால் ஊர்ந்துபோக, காலுறையைக் கழற்றுவதுபோல் தோல் உள்புறம் வெளியாகப் புரண்டு வரும். கடைசியில் கழல்வது வால். அதனால் சட்டையின் வால்நுனி இருக்கும் பக்கம்தான் அது போயிருக்கும். நகர்த்தாமல் இருந்தால் போய்ப் பாருங்கள்.

பூண்டு வேண்டாம், பாம்பு அதற்குப் பயந்து ஓடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. வாசலில் சிறியாநங்கை வைப்பதும் அப்படித்தான், செடி அழகாக இருக்கும், அவ்வளவே. கார்பாலிக் அமிலம் கண்டிப்பாகக் கூடாது, குழந்தை இருக்கும் வீடு.

அது வந்தது எலிக்காகத்தான். பகல் வெளிச்சத்தில், ஷூ போட்டுக்கொண்டு, நீளக் கம்பால் தட்டிவிட்டு, மேலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்து இடத்தைக் காலி செய்யுங்கள். அடியில் எலிப் புழுக்கையும் வளையும் கண்ணில் படும், பாருங்கள். வளையை மண் போட்டு இறுக்கி அடையுங்கள். பின்கதவின் கீழ் விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் மரச்சட்டம் அடித்து மூடுங்கள்.

நடுவில் பாம்பு தென்பட்டால் அடிக்கப் போகாதீர்கள், கடிபடுபவர்களில் பலர் அடிக்கப் போனவர்கள்தான். குழந்தையை உள்ளே அனுப்பிவிட்டு 101-க்கு அழைத்து, தீயணைப்புத் துறையினர் வரும்வரை தூர நின்று அது எங்கே நுழைகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள்.