செப்சிஸில் உடம்புக்குள் என்ன நடக்கிறது? ஐசியூ டாக்டரின் பதில்கள்

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு வந்தது யூரின் இன்ஃபெக்‌ஷன்தான். இரண்டே நாளில் பிரஷர் இறங்கி ஐசியூவுக்குப் போய்விட்டார். எங்கோ இருக்கும் கிருமி பிரஷரை எப்படி இறக்கும்?

பதில்: கிருமியை அடக்க உடம்பு சுரக்கும் ரசாயனங்கள் கட்டுமீறிப் போய்த் தன் உறுப்புகளையே கெடுப்பதுதான் செப்சிஸ். ரத்தக் குழாய்கள் உடம்பெங்கும் தளர்ந்து விரிகின்றன. அவற்றின் உட்சுவரும் கசிவதால் ரத்தத்திலுள்ள நீர் திசுக்களுக்குள் இறங்கிவிடுகிறது. குழாய் விரிந்து, உள்ளே ஓடுவதும் குறைந்தால் பிரஷர் எப்படி நிற்கும்? அதனால்தான் சலைன் ஏற்றுகிறோம். அதற்கும் ஏறாவிட்டால், குழாயைச் சுருக்கிப் பிரஷரை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்து. ஐசியூவில் கை, முகமெல்லாம் வீங்குவது பெரும்பாலும் இப்படிக் கசிந்த நீரால்தான். நுரையீரலில் கசிந்தால் வென்டிலேட்டர் தேவைப்படலாம்.

கேள்வி: நர்ஸ் மணிக்கொரு தரம் யூரின் பையைப் பார்த்து எழுதினாரே, எதற்கு?

பதில்: கிட்னிக்கு ரத்தம் போகிறதா என்று அது சீக்கிரமே காட்டிக்கொடுக்கும். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும்.

கேள்வி: அத்தைக்கு விரல் நுனிகள் கறுத்துவிட்டன. மருந்தாலா, நோயாலா?

பதில்: இரண்டாலும் ஆகும். செப்சிஸில் நுண்குழாய்களுக்குள் ரத்தம் உறைகிறது. அப்படி உறைந்தே, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் தீர்ந்துபோவதால், ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்காமலும் கசியும். நார்அட்ரினலின் குழாயைச் சுருக்குவதால் விரலுக்குப் போகும் ரத்தம் இன்னும் குறையும். ஆனால் மூளைக்கும் கிட்னிக்கும் ரத்தம் போக, மேல் பிரஷரையும் கீழ் பிரஷரையும் வைத்துக் கணக்கிடும் சராசரி அழுத்தம் 65 ஆவது வேண்டுமே, அதனால் மருந்தைச் சட்டென்று நிறுத்த முடியாது.

கேள்வி: பாட்டிக்குக் காய்ச்சல் இல்லையே என்று விடியும்வரை இருந்துவிட்டோம். தப்பு செய்தோமா?

பதில்: உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல், உடம்பு சில்லிட்டும் செப்சிஸ் வரும். இனி யாருக்காவது தொற்று என்றால் மூச்சை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். 22 அல்லது அதற்கு மேல் போனாலும், மேல் பிரஷர் 100க்கு இறங்கினாலும், பேச்சு குழம்பினாலும், நாள் முழுக்கச் சிறுநீர் வராவிட்டாலும் உடனே 108ஐக் கூப்பிடுங்கள். பிரஷர் மிகவும் இறங்கி ஷாக் நிலைக்குப் போனவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும்.

கேள்வி: அண்ணன் பிழைத்து வந்து மூன்று மாதமாகிறது. மாடிப்படி ஏற முடியவில்லை, மறதி வேறு.

பதில்: நிறையப் பேருக்கு இப்படித்தான். ஐசியூவில் தசையும் நரம்பும் நலிந்துபோகின்றன, தேறப் பல மாதங்கள் ஆகலாம். பிசியோதெரபியை விடவேண்டாம், கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் பார்த்துக்கொள்ளுங்கள். மறுபடி தொற்று வர வாய்ப்பு அதிகம் என்பதால், காய்ச்சலோ குளிரோ வந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியோடு அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.