17 அச்சுப்பிழை அல்ல

செமினாருக்கு எடுத்த கட்டுரையில் எல்லோபியஸ் லுடெசென்ஸ் எலிக்கு 17 குரோமோசோம் என்று போட்டிருக்கிறது, ஒற்றைப்படை எப்படி வரும், 18 என்று திருத்திவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். திருத்தாதீர்கள், 17 சரிதான். துருக்கியின் கிழக்கிலும் ஈரானிலும் மண்ணுக்குள்ளேயே வாழும் இந்த எலியில் ஆண், பெண் இரண்டுக்கும் 8 ஜோடி ஆட்டோசோம் (பால் குரோமோசோம் அல்லாதவை), கூடவே பால் குரோமோசோமில் ஒரே ஒரு எக்ஸ். ஒய் கிடையாது, ஆணாக்கும் எஸ்ஆர்ஒய் மரபணுவும் போய்விட்டது.

ஒரே எக்ஸ் என்பதால் விந்தணுவிலும் முட்டையிலும் பாதிக்கு எக்ஸ் கிடைக்கும், பாதிக்குக் கிடைக்காது. அப்போது கருக்களில் கால்பங்கு இரண்டு எக்ஸோடும் கால்பங்கு எக்ஸே இல்லாமலும் உருவாகி, இரண்டு வகையும் பிறக்காமலே அழிந்துபோகும். தலைமுறைதோறும் பாதிக் கரு நஷ்டம், ஆனாலும் இனம் தாக்குப்பிடிக்கிறது! இதைத்தான் ஸ்லைடில் பெரிதாகப் போடுவேன்.

அப்புறம், நெருங்கிய உறவான எல்லோபியஸ் டான்க்ரேயில் இருபாலுக்கும் எக்ஸ்எக்ஸ், இன்னொரு உறவான எல்லோபியஸ் ஃபஸ்கோகேப்பிலஸில் வழக்கம்போல ஆணுக்கு எக்ஸ்ஒய், பெண்ணுக்கு எக்ஸ்எக்ஸ். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 2022-ல் ஒய் இல்லாத இன்னொரு எலியான ஜப்பானின் அமாமி முள்ளெலியில், ஆணாக வளர உதவும் சாக்ஸ்9 மரபணுவுக்கு அருகே கண்ட டிஎன்ஏ இரட்டிப்பை மட்டும் இதோடு ஒட்டிவிடாதீர்கள், அந்த எலி தன் ஒய்யைத் தனியாக இழந்தது.